எஃப் வரிசையில் ஒரு எதிர்க்கட்சி

ஜூன் 11, ஞாயிறு

இன்று அரங்கில் ஏழு பேர். அதில் இரண்டு பேர் பக்கத்து அரங்கில் ஓடும் பேய்ப்படத்துக்கு வந்து வழி தவறி உட்கார்ந்தவர்கள். ஒரு பெண்மணி மேடையில் நின்று இத்தாலிய மொழியில் பாட ஆரம்பித்ததும், இதற்குப் பேயே தேவலாம் என்று எழுந்து ஓடிவிட்டார்கள்.

கோயம்புத்தூரில் ஓபராவுக்குக் கூட்டம் வரும் என்று எந்தப் புண்ணியவான் நினைத்தானோ தெரியாது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை பத்தரைக்கு, மாலில் இருப்பதிலேயே சின்ன அரங்கில், வெளிநாட்டு மேடையில் நடந்ததைப் படம்பிடித்துக் காட்டுகிறார்கள். இரண்டு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். மழை, மூட்டு வலி, உறவுக்காரர் வீட்டுச் சீமந்தம், எதற்கும் தவறவிட்டதில்லை.

எஃப் வரிசையில் நடைபாதை ஓரத்து இருக்கை எபனேசர் சாருடையது. நான் அவருக்குப் பின்னால், ஜி வரிசை. பம்பு செட் கம்பெனியில் மோட்டார் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச் பாடகர் குழுவில் பல வருடம் டெனர் பாடினாராம். ஆண்குரலில் மேலே ஏறி நிற்கிற குரலுக்கு அந்தப் பெயர். இரண்டு வருடமாக எங்களுக்குள் நடப்பது ஒரே சண்டைதான். புகழ்பெற்ற டெனர்கள் இரண்டு பேர், சல்வெர்னியும் ஹோல்ட்மனும். அவர் சல்வெர்னி கட்சி. நான் ஹோல்ட்மன்.

இன்றும் இடைவேளையில் காபிக் கோப்பையோடு ஆரம்பித்தார்.

“மேடம், உங்க ஹோல்ட்மன் பாடறப்ப எனக்கு ஒரு சந்தேகமுங்க. அந்தாளுக்குக் காதலா, வயித்து வலியா?”

“காதல்னா வலி இருக்கணும் சார். உங்க சல்வெர்னி மாதிரி சாகறப்பவும் பல்லைக் காட்டிட்டிருந்தா அதுக்குப் பேரு பாட்டா?”

“சனம் கேக்குதுங்களே. ஸ்டேடியத்துல பாடுனா ஊரே வருது.”

“மைக்கு வெச்சுக் குடுத்தா நானுந்தான் பாடுவேன்.”

“பாடுங்க. நான் டிக்கெட் எடுத்து வர்றேன்.”

மில்லில் சாய ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குரலைக் கேட்டாலும் நிறமாகத்தான் யோசிப்பேன். சல்வெர்னி வாசலில் தொங்கவிட்ட மஞ்சள் பட்டு. தெருவில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். ஹோல்ட்மன் கருநீலம். முதலில் கறுப்பு என்றே தோன்றும், வெளிச்சத்துக்குக் கொண்டுபோனால்தான் நீலம் தெரியும். இதை அவரிடம் சொன்னேன்.

“வெளிச்சத்துக்குக் கொண்டுபோயிப் பாக்க யாருக்குங்க நேரம் இருக்குது?” என்றார். பதில் சொல்வதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

அவர் சட்டையில் இரண்டாவது பட்டன் இல்லை. ஊக்கு குத்தியிருந்தார். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, கண்ணில் பட்டது.


ஜூன் 13, செவ்வாய்

மாவு புளித்துவிட்டது. ஒருத்திக்கு எவ்வளவு ஊறவைக்க வேண்டும் என்ற கணக்கு இன்னும் கைக்கு வரவில்லை.

சொல்லியிருக்க வேண்டிய பதில் தோசை ஊற்றும்போது வந்தது. “நேரம் இல்லாதவங்க எதுக்கு சார் மூணு மணி நேரம் ஓபரா பாக்க வர்றாங்க?” அடுத்த மாதம் மறக்காமல் சொல்ல வேண்டும்.


ஜூலை 9, ஞாயிறு

எபனேசர் சார் வரவில்லை.

இன்று பார்த்து ஹோல்ட்மன். கடைசி அங்கத்தில் சிறையில் தனியாக உட்கார்ந்து பாடினார். குரலை உயர்த்தவே இல்லை. ஒரு வரியை அவ்வளவு மெல்லப் பாடி, அந்த மெல்லிய குரலிலேயே மேலே ஏறி, அங்கேயே கரைந்துபோனார். சல்வெர்னிக்கு இது ஏழு ஜென்மத்துக்கும் வராது. எழுந்து முன் வரிசையைத் தட்டி, “இப்ப என்ன சொல்றீங்க?” என்று கேட்டிருப்பேன். எஃப் ஓரத்து இருக்கை மடங்கிக் கிடந்தது.

மகன் கதிர் ஸ்டுட்கார்ட்டில் இருந்து போனில் பேசினான். “எப்பிடிம்மா இருந்துச்சு?” என்றான். “நல்லா இருந்துச்சு” என்றேன். “ம்” என்றான். எனக்கு ஓபரா பழகியது அவன் வீட்டில்தான், அது அவனுக்கே தெரியாது. அவன் அப்பா இறந்த வருடம் அவன் என்னை அங்கே மூன்று மாதம் கூட்டிக்கொண்டு போனான். அவனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டின பிறகுதான் வருவார்கள். வெளியில் பனி. நான் ரேடியோவைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் ஒரு மனிதன் பாடினான். ஒரு சொல்லும் புரியவில்லை. யாருமில்லாத வீட்டில் உட்கார்ந்து பாடுகிறான் என்பது மட்டும் புரிந்தது. பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் சொன்ன பெயரில் ஹோல்ட்மன் என்ற ஒன்றுதான் என் காதில் பிடிபட்டது.

இதை எபனேசர் சாரிடம் சொன்னதில்லை. சொன்னால் சண்டை போட முடியாது.


ஜூலை 20, வியாழன்

டவுன்ஹால் பக்கம் வேலை இருந்தது. திரும்பும்போது சர்ச் வழியாக வந்தேன். கொஞ்சம் சுற்றுதான். அங்கிருந்த ஒருவரிடம் பாடகர் குழுவில் எபனேசர் என்று யாராவது உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். வேறு சர்ச்சாக இருக்கும் என்றார். இன்னொன்றுக்கும் போனேன். கோயம்புத்தூரில் இத்தனை சர்ச் இருப்பது இன்றுதான் தெரிந்தது.

டவுன்ஹாலில் என்ன வேலை என்று யாராவது கேட்டால் நூல்கண்டு வாங்கப் போனேன் என்று சொல்லலாம். நூல்கண்டு வாங்கவில்லை.


ஆகஸ்ட் 13, ஞாயிறு

இன்றும் வரவில்லை.

வெளியே வரும்போது மேனேஜர் தினகர் நின்றுகொண்டிருந்தார். நல்ல பிள்ளை. முகம் சரியில்லை.

“மேடம், ஹெட் ஆபீஸ்ல இந்த ஷோவை நிறுத்தச் சொல்லீட்டாங்க. செப்டம்பர் ஒண்ணு இருக்குது. அது ஹவுஸ்ஃபுல் ஆச்சுன்னா நான் பேசிப் பாக்கறேனுங்க. இல்லீன்னா அதோட சரி.”

“எத்தனை சீட்டுங்க?”

“அறுவதுங்க மேடம். சின்னதுதான். ஆனா நாம ஆறு பேரத் தாண்ட மாட்டேங்கறமே.”

பேச்சோடு பேச்சாக, எஃப் வரிசையில் உட்காருவாரே ஒரு சார், அவரைக் காணோமே என்றேன். அவர் போனில் பதிவு செய்கிறவர் இல்லையாம், கடைசி நிமிஷத்தில் நேராகக் கவுன்ட்டருக்கு வந்துதான் வாங்குவாராம். அதனால் நம்பர் எதுவும் இல்லை என்றார்.

காட்சி நின்றுவிட்டால் அவரைப் பார்க்க வேறு வழியே இல்லை என்று எழுத வந்தேன். அப்படி எழுதுவது சரியில்லை. காட்சி நின்றுவிட்டால் இந்த ஊரில் ஓபராவே இல்லை. கவலை அதுதான். அறுபது பேரைப் பிடித்தாக வேண்டும்.


ஆகஸ்ட் 20, ஞாயிறு

எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டம். லிஃப்ட் பழுது, மோட்டார் பழுது, நாய்த்தொல்லை எல்லாம் முடிந்ததும் நான் எழுந்து ஓபரா என்றேன். தலைவர் நாச்சிமுத்து பயந்துவிட்டார்.

“பாட்டுக் கச்சேரிங்களாக்கா?”

“நாடகமுங்க. பாடிட்டே நடிப்பாங்க.”

“பேசவே மாட்டாங்களா?”

“மாட்டாங்க.”

“கத்தியில குத்துனா?”

“குத்துனவனும் பாடுவான். குத்து வாங்குனவன் அவனைவிட நெறையப் பாடுவான்.”

“அப்ப ஆசுபத்திரிக்கு யாருங்க கூட்டீட்டுப் போறது?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். கூட்டம் முடிந்ததும் அவர் மனைவி சரஸ்வதி மட்டும் பக்கத்தில் வந்து, “எப்பிடிப் பாடுவாங்கன்னு ஒண்ணு அனுப்புங்கக்கா, கேட்டுப் பாக்கலாம்” என்றாள்.

ஹோல்ட்மன் பாடிய அந்தச் சிறைப் பாட்டை எங்கள் குடியிருப்பின் போன் குழுவில் போட்டேன்.


ஆகஸ்ட் 21, திங்கள்

ஒரே ஒரு பதில். நான்காவது மாடிக்காரர் கேட்டிருக்கிறார், “யாராச்சும் தவறிட்டாங்களாக்கா?”


ஆகஸ்ட் 24, வியாழன்

மானத்தை விட்டுவிட்டு சல்வெர்னியைப் போட்டேன். வெள்ளைக் கோட்டு, ஸ்டேடியம், கையில் மைக். செப்டம்பரில் பாடப்போவதும் அந்த மகானுபாவர்தான் என்பதால் மனசாட்சிக்கு ஒரு சாக்கு இருந்தது.

குழு பற்றிக்கொண்டது. பூ, இதயம், கைத்தட்டல். நாச்சிமுத்து அதையே போனின் அழைப்பு மணியாக வைத்துவிட்டார். இன்று மாலை காய்கறி வண்டி அருகே அவர் சட்டைப்பையில் இருந்து சல்வெர்னி உச்சத்தில் அலற, வெங்காயக்காரர் தராசைக் கீழே போட்டார்.

சரஸ்வதி மேலே வந்தாள். “ஒரு வார்த்தை புரியலீங்க்கா. ஆனா கண்ணுல தண்ணி வந்திருச்சு. ஏனுங்க்கா அது?” என்றாள்.

 ஸ்டுட்கார்ட்டில் எனக்கு நடந்தது இவளுக்கு இங்கே அடுப்படியில் நடந்திருக்கிறது. எனக்கு நடத்தியது ஹோல்ட்மன், இவளுக்கு சல்வெர்னி. அவள் போனபிறகு அந்தப் பாட்டை நான் தனியாக இன்னொரு முறை கேட்டேன். மூச்சு நீளம்தான். மேலே போகும்போது முகத்தில் இருக்கிற சிரிப்பு குரலில் இல்லை, இது இத்தனை நாள் எனக்குப் படவில்லை. எபனேசர் சார் இதைக் கேட்டிருந்தால் குதித்திருப்பார். அவர் கட்சி ஜெயித்துக்கொண்டிருக்கிறது. சொல்லலாம் என்றால் ஆளைக் காணோம்.


செப்டம்பர் 3, ஞாயிறு

வீடு வீடாக ஏறி இறங்கியதில் டிக்கெட்டெல்லாம் போய்விட்டது. எங்கள் குடியிருப்பு, பக்கத்துக் குடியிருப்பு, சரஸ்வதியின் யோகா வகுப்பு. கதையைச் சொல்லச் சொல்லி நச்சரித்தார்கள். மாலுமி, துறைமுக அதிகாரியின் மகள், காதல் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மூன்றாம் அங்கத்தில் இருவரும் செத்துப்போவதைச் சொன்னால் பாதிப் பேர் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

எஃப் ஓரத்து இருக்கையை மட்டும் நிறுத்திவைக்கலாமா என்று யோசித்தேன். இரண்டு மாதமாக வராத மனிதருக்கு இடம் பிடித்துவைக்க நான் யார்? நாச்சிமுத்துவின் மைத்துனருக்குப் போய்விட்டது.


செப்டம்பர் 10, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்தேகால் மணிக்கே அரங்கு நிறைந்துவிட்டது. முறுக்கு வாசனை, குழந்தைகள், பட்டுப்புடவை. யோகா வகுப்பு ஒரே நிறத்தில் உடுத்தி வந்திருந்தது. நான் நடுவில், ஒரு பக்கம் சரஸ்வதி, மறுபக்கம் அவள் மாமியார். தினகர் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வழியெல்லாம் கும்பிட்டுக்கொண்டே என்னிடம் வந்து குனிந்தார்.

“ஹவுஸ்ஃபுல்லுங்க மேடம்! ஒருத்தரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாப் போச்சுன்னா பாருங்களே. நம்ம எஃப் ரோ சாருதான். சீட்டே இல்லீன்னுட்டேன்.”

“போயிட்டாரா?”

“வெளிய சோபாவுல உக்காந்திருக்காருங்க.”

விளக்கு அணைந்தது. எழுந்து போயிருக்கலாம். கூட்டிவந்தவளே எழுந்து போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். முதல் அங்கம் முழுக்க சரஸ்வதியின் மாமியாருக்கு யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சல்வெர்னி என்ன பாடினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அங்கம் முடிகிற இடத்தில் மாலுமியும் அந்தப் பெண்ணும் மோதிரம் மாற்றிக்கொள்கிறார்கள். துறைமுகமே கூடி நின்று பாடுகிறது. திரை விழுந்ததும் பாடகர்கள் முன்னால் வந்து கைகோர்த்துத் தலைவணங்கினார்கள். ஒவ்வொரு அங்கம் முடிந்தும் அப்படித்தான் செய்வார்கள். எனக்குப் பழக்கம், இவர்களுக்கு எப்படித் தெரியும்? கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, எல்லோரும் கும்பிட்டாகிவிட்டது. சுபம். அரங்கமே எழுந்து கை தட்டியது.

“சூப்பருங்க்கா! சட்டுனு முடிச்சுட்டாங்க. நான் மூணு மணி நேரம்னு பயந்துட்டே வந்தேன்” என்றார் நாச்சிமுத்து. யோகா வகுப்புக்கு ஓட்டலில் சாப்பாடு சொல்லியிருந்தார்களாம், அவர்கள் முதலில் கிளம்பினார்கள்.

இன்னும் இரண்டு அங்கம் இருக்கிறது, உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் முடிந்துவிட்டது என்றும் சொல்லவில்லை, முடியவில்லை என்றும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றேன். எஃப் வரிசை மைத்துனர் எழுந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நடைபாதையில் இறங்குகிற வரைக்கும் அந்தத் தலைப்பு சரியாகவில்லை.

கூட்டத்தோடு நானும் வெளியே வந்தேன். எபனேசர் சார் சோபாவில் இருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். அறுபது பேர் சலசலவென்று நகரும் படிக்கட்டுப் பக்கம் போவதைப் பார்த்த அவர் முகம் சுருங்கிவிட்டது. என்னைக் கண்டதும் எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

“ஏனுங்க மேடம், எல்லாரும் எந்திரிச்சுப் போறாங்க? சல்வெர்னியப் புடிக்கலீங்களா இவங்களுக்கு?”

அதை நான் யோசிக்கவே இல்லை. அவருக்கு இடம் வேண்டும் என்று நினைத்தேனே தவிர, அவர் ஆள் பாடும்போது கூட்டம் கலைவதை அவர் பார்ப்பார் என்று நினைக்கவில்லை. அவசரமாகச் சொன்னேன். “ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க சார். கும்பிட்டதும் முடிஞ்சுதுன்னு நெனைச்சுட்டாங்க.”

 அவர் சிரிக்க ஆரம்பித்தார். சோபாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கல்யாணத்தோட கெளம்பீட்டாங்ளா! குடுத்து வெச்சவங்க!” என்றார். நானும் சிரித்தேன். இத்தனை சிரித்து எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை.

“ஹவுஸ்ஃபுல்லுன்னாரு அந்தத் தம்பி. நான் சொன்னேனுங்களா இல்லீங்களா? சல்வெர்னின்னா சனம் வரும்னு.”

“சொன்னீங்க சார்.” வீடு வீடாகப் போனதை நான் சொல்லவில்லை.

உள்ளே போனோம். முறுக்குத் துணுக்கும் காலிக் கோப்பையும் கிடந்தன. அவர் தன் இடத்தில் உட்கார்ந்தார். நான் ஜி வரிசைக்குப் போகத் திரும்பினேன்.

“மேடம், வலது பக்கம் உக்கார்றீங்களா? இடது காது சுத்தமாப் போயிருச்சுங்க.”

ஜூன் கடைசியில் ஒருநாள் காலையில் எழுந்தபோது கேட்கவில்லையாம். ஊசி, மாத்திரை, ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. வலது காதிலும் பாதிதானாம், அதில் கருவி வைத்திருந்தார். “பேச்சு வருதுங்க. பாட்டுத்தான் வர மாட்டேங்குது. தகரத்தைத் தரையில இழுக்கற மாதிரி இருக்குது.”

“அப்ப எதுக்கு சார் வந்தீங்க?”

“வீட்ல இருந்தாலும் அதே தகரந்தானுங்களே. இங்க வந்தா நீங்க இருப்பீங்க.” நிறுத்தி, திரையைப் பார்த்துக்கொண்டு, “எப்பிடிப் பாடறான்னு நீங்க சொல்லுவீங்கல்ல” என்றார்.

இரண்டு அங்கமும் சொன்னேன். அவர் காதருகே, எனக்குத் தெரிந்த மட்டும். இப்போது கீழே இறங்குகிறார். இப்போது ஏறுகிறார். அங்கேயே நிற்கிறார், இன்னும் மூச்சு விடவில்லை. அவர் திரையில் சல்வெர்னியின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலில் விரல் தாளம் போட்டது. தாளம் கொஞ்சம் பின்தங்கியே வந்தது.

கடைசிப் பாட்டு, கப்பல் மூழ்கும்போது பாடுவது, அற்புதம். அதை எழுதிவைக்க வேண்டும். மஞ்சள் பட்டு என்றேனே, இன்று அந்த மஞ்சள் எங்கோ போய்விட்டிருந்தது. பயந்த மனிதன் ஒருவன் பாடினான். இரண்டு வருடமாக நான் தப்பாகப் பேசியிருக்கிறேன்.

வெளியே வந்ததும் எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது, அவரைச் சீண்ட வேண்டும் போல இருந்தது. ஊக்குக் குத்திய சட்டையோடு, காபிக் கோப்பையோடு என்னை மடக்குகிற அந்த மனிதரை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும்.

“கடைசிப் பாட்டுல உங்காளு வழுக்கீட்டார் சார். மேல போகவே முடியலை. கத்தித்தான் சமாளிச்சார்.”

சண்டைக்குக் காத்திருந்தேன்.

“அப்பிடீங்ளா?” என்றார். “வயசாகுதுல்ல அவனுக்கும். நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்.”

 ஆட்டோ வருவதற்குள் அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். “பொய் சொன்னேன் சார். அப்பிடிப் பாடுனாருங்க இன்னிக்கு. ஹோல்ட்மனால முடியாது. நீங்க சொன்னதுதான் சரி.”

அதற்கும் அதே மாதிரி தலையாட்டினார். “சரிங்க மேடம். நீங்க சொன்னாச் சரி.”

ஆட்டோ போய்விட்டது. கையைக் காட்டினாரா என்று பார்க்கவில்லை, கண் மறைத்தது.


செப்டம்பர் 11, திங்கள்

நாச்சிமுத்து லிஃப்டில் நிறுத்தி, அளவான படம், அடுத்த மாதமும் சொல்லுங்கள் என்றார். தினகர் போன் செய்தார். ஹெட் ஆபீஸ் ஒத்துக்கொண்டதாம், அக்டோபர் எட்டாம் தேதி காட்சி உண்டாம். இந்த முறை ஹோல்ட்மன்.

எஃப் வரிசையில் ஓரத்து இருக்கையையும் அதற்கு வலது பக்கத்தையும் பதிவு செய்துவிட்டேன். அவர் வருவார். நான் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். ஹோல்ட்மன் எப்படிப் பாடினார் என்று இனி நான் யாரோடு சண்டை போடுவது?